லாம்ப் ஷோல்டர்ல உப்புக்கறி வச்ச கதை, உங்க வீட்டு அனுபவமும் சொல்லுங்க

மெல்போர்ன்ல இருக்கோம். மனைவிக்கு ஏழாவது மாசம். அவ ஊரு காரைக்குடி பக்கம், சின்ன வயசுல இருந்து ஞாயித்துக்கிழமைன்னா வீட்ல உப்புக்கறிதான், இங்க வந்து மூணு வருஷத்துல ஒரு தடவகூட வேணும்னு கேட்டதில்ல, போன மாசம் ஒரு ராத்திரி திடீர்னு "எனக்கு உப்புக்கறி சாப்பிடணும்"னு சொன்னா, சொல்லும்போதே கண்ணு கலங்கிருச்சு. எனக்கு மனசு கேக்கல. நான் திருச்சி, எங்க வீட்ல கறிக்குழம்பு, சுக்கா ரெண்டும்தான், உப்புக்கறி நான் வச்சதே இல்ல.

மொத தடவ வீணாப் போச்சு, அத முதல்ல சொல்லிடுறேன், யாருக்காவது உதவும். சூப்பர் மார்க்கெட்ல எலும்பில்லாம துண்டு போட்டு பாக்கெட்ல இருந்த தொடைக்கறி வாங்குனேன். ஊர்ல வெள்ளாட்டுக்கு வைக்கிற மாதிரியே குக்கர்ல ஆறு விசில் விட்டேன். தொறந்து பாத்தா கறி நார் நாரா பிரிஞ்சு கெடக்கு, மேல வெள்ளையா கொழுப்பு மெதக்குது, வாடை தூக்கி அடிக்குது. அவ ஒரு வாய் வச்சா, ஒண்ணும் சொல்லல, தட்ட மெதுவா தள்ளி வச்சிட்டா.

மறுநாள் அத்தைக்கு வீடியோ கால் போட்டேன். அவங்க கேட்ட மொத கேள்வியே, "மாப்ள, அது வெள்ளாடா செம்மறியா?" அப்பதான் எனக்கு ஒறச்சுது. இங்க லாம்ப்னு விக்கிறது இளம் செம்மறி. அதுல சதை மெத்துனு இருக்கும், வெள்ளாட்டுக்கு ஆகுற அளவு நேரம் தேவையில்ல. கொழுப்பும் அதிகம், அந்த வாடை பூரா கொழுப்புலதான் இருக்கு. கறிக்குழம்புன்னா பட்டை கிராம்பு மல்லித்தூள் எல்லாம் போட்டு வாடைய அமுக்கிடலாம். உப்புக்கறியில அதெல்லாம் கெடையாது. நல்லெண்ணெய், சோம்பு, குண்டு மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், உப்பு, அவ்வளவுதான். அதனால கறி சரியில்லன்னா ஒளிச்சு வைக்க எடமே இல்ல. "சாமான் கம்மி, அதனால கறியில குறை வைக்காதீங்க மாப்ள"ன்னாங்க.

ரெண்டாவது தடவ ஹலால் கறிக்கடைக்குப் போயி தோள்பட்டைக் கறி எலும்போட ஒரு கிலோ, சின்னச் சின்னத் துண்டா வெட்டி வாங்குனேன். வீட்டுக்கு வந்து ஒக்காந்து மேல இருந்த தடிச்ச கொழுப்ப மட்டும் கத்தியால சீவி எடுத்தேன், அரை மணி நேரம் ஆச்சு. சதைக்கு நடுவுல மெல்லிசா ஓடுற கொழுப்ப விட்டுடணும், அதையும் எடுத்தா கறி வறண்டுடும். குண்டு மிளகாய்க்கு நாலு கடை ஏறி எறங்கி கடைசியா டாண்டினாங்ங்கிற ஏரியாவுல ஒரு இலங்கைக் கடையில கெடைச்சுது. சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு ஒரு இருவது பல்லு. மிளகாய் பதினஞ்சு, ரெண்டா கிள்ளி விதைய உதறிட்டேன், மாசமா இருக்கவளுக்கு நெஞ்செரிச்சல் வரக்கூடாதுன்னு அத்தை சொன்னது.

எண்ணெய் காஞ்சதும் சோம்பு, அப்புறம் மிளகாய். இங்க ஒரு எச்சரிக்கை, அபார்ட்மென்ட்ல இருக்கவங்க மிளகாய் போடுறதுக்கு முன்னாடியே ஜன்னல தொறந்து எக்ஸாஸ்ட் போட்டுடுங்க, எங்க வீட்ல ஸ்மோக் அலாரம் அலற ஆரம்பிச்சு அவ இருமிக்கிட்டே பால்கனிக்குப் போயிட்டா. மிளகாய் கருகவும் கூடாது, நிறம் மாறுனவுடனே வெங்காயம் பூண்டு போட்டு வதக்கி, கறி, மஞ்சள், உப்பு. தண்ணி ஊத்தல. கறியே தண்ணி விடும். மூடி போட்டு சிறு தீயில வச்சுட்டு அப்பப்ப கிண்டி விட்டேன், அடி பிடிக்கிற மாதிரி தெரிஞ்சப்ப மட்டும் ரெண்டு தடவ அரை டம்ளர் வெந்நீர். ஒண்ணேகால் மணி நேரத்துல எலும்புல இருந்து கழண்டு வர்ற பதம் வந்துடுச்சு.

அதுக்கப்புறம் மூடிய எடுத்துட்டு வத்த விடணும். வீடியோ கால்ல இருந்த அத்தை போனை அடுப்புக்குப் பக்கத்துல வைக்கச் சொன்னாங்க, நான் ஏதோ பாக்கணும்னு கேக்குறாங்கன்னு நெனச்சேன், அவங்க சத்தம் கேக்குறதுக்காக சொல்லியிருக்காங்க. மொதல்ல கொதகொதன்னு கனமா ஒரு சத்தம். பத்து நிமிஷம் போனதும் அது சலசலன்னு மெலிசாகுது, அப்புறம் சடசடன்னு பொரியுற சத்தம். "இப்ப தண்ணி போச்சு, எண்ணெய் மட்டும் நிக்குது, இனிமே கை எடுக்காம பெரட்டுங்க." ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு கண்ணால பாக்காம சொல்றாங்க. வெங்காயமெல்லாம் கரைஞ்சு கறி மேல பூசுன மாதிரி ஒட்டி, ஓரத்துல செவப்பா எண்ணெய் பிரிஞ்சு வந்துச்சு.

சுடுசோறு, ரசம், உப்புக்கறி. அவ சட்டியில ஒட்டியிருந்ததுல சோறு போட்டு பெரட்டி சாப்பிட்டா.

---

அண்ணா, படிச்சதும் எனக்கு டெல்லி ஞாபகம் வந்துடுச்சு. அங்க எங்க எதிர் வீட்ல காஷ்மீரி பண்டிட் ஆன்ட்டி இருந்தாங்க, அவங்ககிட்ட ரோகன் ஜோஷ் கத்துக்கிட்டேன். வெங்காயமும் கெடையாது பூண்டும் கெடையாது, தயிர், பெருங்காயம், சோம்புப் பொடி, சுக்குப் பொடி, காஷ்மீரி மிளகாய்த்தூள், கடுகெண்ணெய். நான் மொதல்ல நம்பல, வெங்காயம் இல்லாம கறியான்னு. ரெண்டு தடவ எனக்கு தயிர் திரிஞ்சு தயிர் ஒரு பக்கம் தண்ணி ஒரு பக்கம்னு போயிடுச்சு. அப்புறம் ஆன்ட்டி பக்கத்துல நின்னு காட்டுனாங்க, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த தயிர அப்படியே ஊத்தக்கூடாது, வெளிய வச்சு நல்லா கடைஞ்சு, அடுப்ப கொறச்சு கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, திரும்ப கொதி வர்ற வரைக்கும் கரண்டிய நிறுத்தவே கூடாது. கடுகெண்ணெய் புகை வர்ற வரைக்கும் காய்ச்சி ஆற விட்டுத்தான் தாளிக்கணும், இல்லன்னா பச்சை வாடை நாக்குல நிக்கும். நெறம் பாத்தா பயமா இருக்கும், ஆனா அந்த மிளகாய்ல காரம் ரொம்ப கம்மி, எங்க அப்பாவே ரெண்டு தடவ வாங்கி சாப்பிட்டாரு. காஷ்மீரி முஸ்லிம் வீடுகள்ல வேற மாதிரி வைப்பாங்களாம், பிரான்னு சின்ன வெங்காயம் மாதிரி ஒண்ணு போடுவாங்க, செவப்பு நெறத்துக்கு கோழிக்கொண்டைப் பூ. ரெண்டையும் ஒரே பேர்லதான் கூப்பிடுறாங்க.

---

மதுரைல இருந்து. தம்பி, கொழுப்ப சீவுனது நல்லது, ஆனா அதுல ஒரு கைப்பிடிய தனியா உருக்கி நல்லெண்ணெய்க்கு பதிலா பாதி ஊத்திப் பாருங்கன்னு சொல்லலாம்னு நெனச்சேன், லாம்புக்கு அது ஒத்து வராதுன்னு நீங்க எழுதுனத படிச்ச பின்னாடிதான் புரியுது. நாங்க வெள்ளாட்டுல நெஞ்செலும்பும் தொடையும் கலந்து வாங்குவோம். காரம் தூக்கலாப் போயிட்டா தண்ணி ஊத்தாதீங்க, காரம் தண்ணியில கரையாது, எண்ணெயிலதான் கரையும். கெட்டித் தேங்காப்பால் ஒரு கரண்டி விட்டு பெரட்டுங்க, இல்ல சாப்பிடும்போது தயிர்ப்பச்சடி வச்சுக்குங்க. பாப்பா நல்லபடியா பொறக்கட்டும்.

---

நன்றி அக்கா, ரெண்டு பேருக்கும். தேங்காப்பால் விஷயம் அத்தைகிட்ட கேட்டேன், "உப்புக்கறியில தேங்காப்பாலா, தயிரோட நிறுத்திக்கச் சொல்லுங்க"ன்னுட்டாங்க. அடுத்த மாசம் அவங்களே பிரசவத்துக்கு வர்றாங்க. டாண்டினாங் கடையில இன்னும் ரெண்டு பாக்கெட் குண்டு மிளகாய் எடுத்து வச்சிருக்கேன்.