சீப்பை எடுத்தாலே கடிக்க வருகிறான்: 9 மாதக் கவாப்பூ, உதவி வேண்டும்

செங்காங் அம்மா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் லட்டு என்று ஒரு கவாப்பூ நாய் இருக்கிறான். சின்ன பூடிலும் கவலியர் ஸ்பேனியலும் கலந்தவன். 9 மாதம், 6 கிலோ. சிங்கப்பூரில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நான், கணவர், 10 வயது மகள், 6 வயது மகன், மாமியார் என்று ஐந்து பேர். குட்டியாக வந்தபோது அவனைப் போல் சாதுவான பிள்ளை கிடையாது. யார் தூக்கினாலும் மடியிலேயே தூங்கிவிடுவான்.

ஐந்து வாரமாக ஆளே மாறிவிட்டான். பிரஷ்ஷைக் கையில் எடுத்தாலே சோபாவுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறான். இழுத்து உட்கார வைத்தால் உறுமுகிறான், பல்லைக் காட்டுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை மகன் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தபோது சட்டென்று திரும்பி மணிக்கட்டைக் கவ்விவிட்டான். தோல் கிழியவில்லை, இரண்டு பல் தடம் மட்டும். பிள்ளை வலியால் அழவில்லை. "லட்டுவுக்கு என்னைப் பிடிக்கலையா அம்மா" என்று கேட்டுக் கேட்டு அழுதான்.

அன்றிலிருந்து மாமியார் யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்கிறார். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. கணவருக்குத் தும்மல் தொல்லை உண்டு. முடி கொட்டாது, வேலை குறைவு, பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னதை நம்பித்தான் வாங்கினோம். வாரம் ஒருமுறை குளிப்பாட்டுகிறேன், இரண்டு முறை பிரஷ் செய்கிறேன். வெளியே பார்க்க முடி பஞ்சு மாதிரி அழகாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பியதும் ஒரு மணி நேரம் கதவருகில் நின்று குரைக்கிறான். மாமியார் வீட்டில்தான் இருக்கிறார், ஆனாலும் நிறுத்துவதில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டி நல்லவர், இரண்டு முறை மெதுவாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது முறை சொல்ல வைக்க எனக்கு மனமில்லை.

இது குணமா, வயதா, நான் வளர்த்த விதமா? கொடுத்துவிடுவதை நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

யீஷூன் அண்ணன்

தங்கச்சி, இந்த வயதில் நாய் நம்மைச் சோதித்துப் பார்க்கும். வீட்டில் யார் பெரியவர் என்று காட்ட வேண்டும். உறுமினால் பக்கவாட்டில் படுக்கவைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு பிரஷ் செய்யுங்கள். நாலு தடவையில் வழிக்கு வந்துவிடும். எங்கள் பழைய நாய்க்கு அப்படித்தான் செய்தோம்.

கத்தரியும் சீப்பும்

நாய்களுக்கு முடி சீவி வெட்டும் குரூமிங் வேலையில் 11 வருடமாக இருக்கிறேன். என் மேசைக்கு அதிகம் வருவது பூடில் கலப்புகள்தான். அண்ணன் அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அமுக்கிப் பிடிக்கப்பட்ட நாய்கள் பிறகு எப்படி ஆகின்றன என்பதற்கு என் கையில் தழும்புகள் இருக்கின்றன. உறுமல் என்பது "எனக்கு முடியவில்லை" என்று நாய் நம்மிடம் சொல்வது. அதைத் திட்டி அடக்கினால் அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும்.

9 மாதம் என்று படித்ததுமே எனக்கு முடிதான் நினைவுக்கு வந்தது. பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள் குட்டி முடி போய்ப் பெரிய நாயின் முடி வரும். பழைய முடி கழன்றாலும் தரையில் விழாது, புது முடியின் சுருளில் மாட்டிக்கொண்டு உடம்பிலேயே தங்கிவிடும். முடி கொட்டாது என்று விற்பவர்கள் சொல்வது பாதி உண்மை. கொட்டவேண்டிய முடியை நாம்தான் சீவி எடுக்க வேண்டும், அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. கவலியரின் பட்டு முடியும் பூடிலின் சுருளும் சேரும்போது, சீவாவிட்டால் கம்பளி மாதிரிப் பின்னிக்கொள்ளும். மெல்லிய கம்பிப் பற்கள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ் மேலாக ஓடினால் மேல்முடி பஞ்சு போல் இருக்கும். அடியில் தோலை ஒட்டி அட்டை மாதிரிச் சிக்கு படிந்திருக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு உலோகச் சீப்பு போதும். காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப்பட்டைக்கு அடியில், தொடை இடுக்கில், ஒவ்வொரு இடத்திலும் தோலைத் தொட்டு வைத்து நுனி வரை மெதுவாக இழுங்கள். நடுவில் நின்றால் அங்கே சிக்கு இருக்கிறது. அப்படி நின்ற இடத்தில் இழுத்துப் பார்க்காதீர்கள், அவன் அடியெடுத்து வைக்கும்போதே அது தோலைக் கிள்ளிக்கொண்டிருக்கும். உங்கள் மகன் கட்டிப்பிடித்தபோது எங்கே அழுத்தியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

குளியலிலும் ஒரு விஷயம். சீவாமல் குளிப்பாட்டினால் தண்ணீர் பட்டுச் சிக்கு இன்னும் இறுகும். நம் ஊரில் காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது, மின்விசிறிக் காற்றில் அடிமுடி காயவே காயாது. முதலில் சீவு, அப்புறம் குளியல், அப்புறம் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்துத் தோல் வரை உலர்த்து, மறுபடி சீவு. இந்த வரிசை மாறக் கூடாது. இருக்கும் சிக்கைக் கத்தரியால் வெட்ட முயலாதீர்கள். தோல் சிக்குக்குள் இழுபட்டுக் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும், கத்தரி அதையும் சேர்த்து வெட்டிவிடும்.

கிளினிக் அக்கா

நான் கால்நடை மருத்துவமனையில் தாதி. முடி பற்றி மேலே சொன்னது எல்லாம் சரி. அதோடு சில கேள்விகள். தலையை அடிக்கடி உதறுகிறானா? ஒரு காதை மட்டும் சொறிகிறானா? காதுக்குள் பழுப்பு நிற அழுக்கு, புளித்த மாவு மாதிரி வாடை உண்டா? உங்கள் மகன் அவனைப் பிடித்தது எந்தப் பக்கம்?

செங்காங் அம்மா

அக்கா, படித்ததும் போய் முகர்ந்து பார்த்தேன். வலது காதில் நீங்கள் சொன்ன அதே வாடை. தலை உதறுவதை விளையாட்டு என்று நினைத்திருந்தேன். மகன் தலை சாய்த்ததும் வலது பக்கம்தான். சீப்பு காதுக்குப் பின்னால் ஒரு விரல் அளவுகூடப் போகவில்லை, உடனே நிறுத்திவிட்டேன். மாமியார் இரண்டு வாரம் முன்பு காது அரிக்கிறது போல என்று சூடு காட்டிய தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டாராம், இப்போதுதான் சொன்னார். அதனால் ஏதாவது ஆகியிருக்குமா?

கிளினிக் அக்கா

மாமியாரைக் குறை சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்குச் செய்த கை அது. ஆனால் இனி எண்ணெய் வேண்டாம், பஞ்சுக் குச்சியும் வேண்டாம். நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூடில், ஸ்பேனியல் இரண்டுக்கும் தொங்கு காது. பூடிலுக்குக் காதுக்குள்ளும் முடி வளரும். காற்றுப் போகாத, ஈரமான, சூடான இடம் ஈஸ்ட் என்ற பூஞ்சை வளர ரொம்ப வசதி. மருத்துவர் காதிலிருந்து கொஞ்சம் அழுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார், ஈஸ்டா பாக்டீரியாவா என்று அதில் தெரியும். வேறு நாய்க்குக் கொடுத்த சொட்டு மருந்து வீட்டில் இருந்தால் விடவே விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். அதைப் பார்த்த பிறகுதான் மருந்து முடிவாகும். காது நோய் திரும்பத் திரும்ப வந்தால் அடியில் ஒவ்வாமை இருக்கலாம், அதையும் கேட்டு வையுங்கள். போகும்போது கடித்த விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம், நாங்கள் இன்னும் மென்மையாகக் கையாள அது உதவும்.

பீஷான் நடையாளர்

எங்களிடம் 7 வயது லாப்ரடூடில் இருக்கிறாள், தனியார் வீடு. கணவரின் தும்மல் பற்றி நீங்கள் எழுதியதால் ஒரு பழைய கதை சொல்கிறேன். லாப்ரடூடில் என்ற பெயர் பரவியது ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய்ச் சங்கம் ஒன்றிலிருந்து. ஹவாயில் கண் தெரியாத ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது, ஆனால் கணவருக்கு நாய் ஒவ்வாமை. வாலி கான்ரன் என்பவர் லாப்ரடாரையும் பூடிலையும் 1989 வாக்கில் சேர்த்துப் பார்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில் ஒரு குட்டிதான் ஒத்துவந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒன்றுதான்! ஒவ்வாமைக்குக் காரணம் முடியைவிட எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதம். 2012இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வில், ஒவ்வாமை தராது என்று சொல்லப்படும் இனங்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது. உங்கள் கணவருக்குத் தும்மல் குறைவாக இருந்தால் மகிழ்ச்சி, ஆனால் அது அந்தக் குட்டியின் கொடுப்பினை.

நோய் விஷயமும் அப்படியே. கலப்பு என்றால் நோய் வராது என்பார்கள். லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2024இல் வெளியிட்ட ஆய்வில் 9,402 நாய்களை ஒப்பிட்டார்கள், 57 பொதுவான நோய்களில் பெரும்பாலானவற்றில் தாய் தந்தை இனங்களுக்கும் கலப்புக்கும் வித்தியாசமே இல்லை. கவலியருக்கு இதய வால்வு நோய் வரக்கூடியது, சின்ன பூடிலுக்கு முழங்கால் சில்லு நழுவும். லட்டுவுக்கு ஆண்டுதோறும் இதயத்தைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

குணத்துக்கு வருகிறேன். பூடில் அந்தக் காலத்தில் தண்ணீரில் விழுந்த வாத்தைத் தேடி எடுத்து வந்த நாய். மூளைக்கு வேலை வேண்டும். கவலியர் மனிதர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டது. இரண்டும் சேர்ந்தவன் காலை 6.45க்கு இரண்டு பிள்ளைகள் கதவைத் தாண்டிப் போவதைப் பார்க்கிறான், பிறகு தாழ்வாரத்தில் ஒவ்வொரு காலடியும் அவனுக்கு அவர்களாகத் தோன்றுகிறது. திமிரில் குரைக்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை, காத்திருக்கிறான்.

எங்களுக்கு உதவியது இது. பிள்ளைகள் கிளம்பும் முன் 20 நிமிடம் நடை. வேகமாக இழுத்துப் போகாமல் ஒவ்வொரு புல்லையும் முகர விடுங்கள். வெயில் ஏறினால் தரை பாதத்தைச் சுடும், அதனால் காலைதான் நல்லது. திரும்பியதும் புல்லில் ஒட்டிய உண்ணி இருக்கிறதா என்று காது மடலும் விரல் இடுக்கும் பாருங்கள், காலையும் துடைத்து உலர்த்துங்கள். பிள்ளைகள் செருப்பு மாட்டும் அதே நேரத்தில், காலை உணவைக் கிண்ணத்தில் போடாமல் பழைய துண்டில் சுருட்டி உள்ளறையில் கொடுங்கள். மூக்கால் தேடி எடுக்கட்டும். வாசலுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு தடுப்பு. ஒலி 968 வானொலி மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தால் தாழ்வாரச் சத்தம் அமுங்கிவிடும். எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் நீங்களே போய், இதைச் செய்துகொண்டிருக்கிறோம், மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். அவரிடம் கேட்காமலே ஒரு டப்பா முறுக்கு கொடுக்கலாம்.

உட்லண்ட்ஸ் தம்பி

இடையில் ஒரு சந்தேகம். நாங்கள் வீவக வீட்டுக்குக் கோல்டன்டூடில் (கோல்டன் ரிட்ரீவரும் பூடிலும் கலந்தது) வாங்கலாம் என்று பார்க்கிறோம்…

கத்தரியும் சீப்பும்

வேண்டாம் தம்பி. வீவக அனுமதிப் பட்டியலில் 62 சிறிய இனங்கள் இருக்கின்றன, வீட்டுக்கு ஒரு நாய். கோல்டன் ரிட்ரீவர் அதில் இல்லை. குட்டியில் சின்னதாகத் தெரியும் என்று வாங்கி, பிறகு பிரிய முடியாமல் அழுத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் உரிம விதிகளையும் படியுங்கள்.

செங்காங் அம்மா (ஐந்து நாள் கழித்து)

வலது காதில் ஈஸ்ட், நன்றாக முற்றியிருக்கிறது. இடதிலும் ஆரம்பம். செவிப்பறை முழுசாக இருக்கிறது. மயக்கம் தராமல் கொஞ்சமாகச் சுத்தம் செய்து, இரண்டு வாரத்துக்குச் சொட்டு மருந்தும் வலிக்கு மருந்தும் கொடுத்தார்கள். 190 வெள்ளி ஆனது. காதுக்குப் பின்னாலும் இரண்டு அக்குளிலும் சிக்கு. மருத்துவர் விரலால் முடியைப் பிரித்துக் காட்டினார், அடியில் தோல் சிவந்து கிடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து வாரமாக அந்த இடத்தில்தான் நான் பிரஷ்ஷை வைத்து இழுத்திருக்கிறேன்.

நாளை மறுநாள் முடியை ஒட்ட வெட்டப் போகிறோம். அதன் பிறகு எப்படிச் சீவப் பழக்குவது?

கத்தரியும் சீப்பும்

ஒட்ட வெட்டியதும் இரண்டு நாள் காதைக் கவனியுங்கள். சிக்கின் கனத்தில் தொங்கிய காது மடலுக்குத் திடீரென்று ரத்தம் பாயும், அவன் வேகமாக உதறினால் மடலுக்குள் ரத்தம் கட்டி உப்பிவிடும். அப்படித் தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பழக்குவதற்கு, முதல் வாரம் சீவவே வேண்டாம். சீப்பைக் காட்டுங்கள், உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று கொடுங்கள், சீப்பை மறைத்துவிடுங்கள். அவனே சீப்பைத் தேடி வரும்போது முதுகில் ஒரு இழுப்பு, ஒரு துணுக்கு. அவன் விலகினால் நீங்களும் நிறுத்துங்கள். நிறுத்துவார்கள் என்று தெரிந்த நாய்க்கு ஓடவேண்டிய தேவை இருக்காது. பிறகு ஒரு நாளைக்கு ஒரு இடம், மூன்று நிமிடம், தினமும். காதுக்குப் பின்புறத்தைக் கடைசியாக வையுங்கள். முடியை ஒரு அங்குலத்துக்கு மேல் வளர விடாமல் 6 வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் உங்களுக்கும் சமாளிக்க முடியும். மகனிடம் கட்டிப்பிடிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டச் சொல்லுங்கள். லட்டு தூங்கும் இடத்துக்கு யாரும் போகக் கூடாது என்பதைச் சட்டமாகவே போடுங்கள்.

யீஷூன் அண்ணன்

தங்கச்சி, வலி என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பையனுக்குச் சீக்கிரம் குணமாகட்டும்.

செங்காங் அம்மா (நான்கு வாரம் கழித்து)

மறுபரிசோதனையில் இரண்டு காதும் சுத்தம். உறுமல் நின்றுவிட்டது. குரைப்பு ஒரு மணி நேரத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு வந்திருக்கிறது, மழை நாளில் நடை தவறினால் மட்டும் கூடுகிறது.

சீவுவது இப்போது மாமியார். மகளுக்குச் சிக்கெடுக்கும்போது முடியின் வேர்ப்பக்கத்தை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து எடுப்பார், வேருக்கு இழுப்பே தெரியாது. அதையே லட்டுவுக்கும் செய்கிறார். இரவு தொடர் முடிந்ததும் துண்டை விரிக்கிறார், இவன் போய் உட்கார்ந்துகொள்கிறான். நேற்று காதுக்குப் பின்னால் முதல் தடவையாக மூன்று இழுப்பு. மகன் பக்கத்தில் உட்கார்ந்து கோழித் துணுக்கு கொடுக்கும் வேலையைச் செய்கிறான்.

ஒரு கேள்வி பாக்கி. மாமியார் பாசத்தில் அவனுக்கு மசால் வடை கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்.

கிளினிக் அக்கா

வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை அழித்துவிடும், வெந்தாலும் பொரித்தாலும் அப்படித்தான். திராட்சை, உலர்திராட்சை, சாக்லெட்டும் கூடாது, தீபாவளிக் கேசரியை எட்டாத இடத்தில் வையுங்கள். மாமியாரிடம் வெறும் வேகவைத்த பரங்கிக்காயைக் கொடுத்துவிடுங்கள், அவர் கையால் கொடுத்தால் அவன் அதையும் சாப்பிடுவான்.