டோரியன் வாசித்தால் காது மறுபடி சி-க்கே போகிறது, உதவுங்கள்

வணக்கமுங்க, கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து எழுதுகிறேன். ஆறு வருடம் வாய்ப்பாட்டு கற்றவன், இப்போது மகளோடு சேர்ந்து கீபோர்டு பழகுகிறேன். மேற்கத்திய மோடுகளில் (அதே சுரங்களை வேறு வேறு சுரத்தில் தொடங்கினால் கிடைக்கும் ஸ்கேல் வகைகள்) சிக்கி நிற்கிறேன்.

வெள்ளைக் கட்டைகளை சி-யில் தொடங்கினால் அயோனியன், நம் சங்கராபரண ராகம். அதே கட்டைகளை டி-யில் தொடங்கினால் டோரியன், நம் கரகரப்பிரியா. கிரக பேதம்தானே (ஆதார 'ஸ'-வை இடம் மாற்றி வேறு ராகம் பெறுவது), அதுவரை சரி. ஆனால் டி-யில் தொடங்கினாலும் என் காது சி-யையே சட்ஜமாக, அதாவது ஆதார 'ஸ'-வாகப் பிடித்துக்கொள்கிறது. தம்புராவை டி-யில் ஒலிக்கவிட்டால் கரகரப்பிரியா உடனே தெளிகிறது, அத்தனை அழகு! சுருதி இல்லாமல் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மட்டும் வைத்து டி-யை சட்ஜமாக நிலைநிறுத்துவது எப்படி? டி மைனர், ஜி மேஜர் மாற்றிமாற்றிப் போட்டால் ஓரளவு நிற்கிறது. சி மேஜர் வந்ததும் கலைந்துவிடுகிறது.

அப்புறம், பி-யில் தொடங்கும் லோக்ரியன். அதில் சுத்தமான பஞ்சமமே ('ப') இல்லையே, அதை எப்படிப் பாடிப் பழகுவது? பயிற்சி முறை தெரிந்தவர்கள் சொல்லுங்க.