கண்மாய் வேலை: முதல் காசு எதற்கு, எந்த வழியில் அனுப்புவது

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் அன்புள்ள ஊர் உறவுகளுக்கு, வணக்கம்.

நாமெல்லாம் பணம் திரட்டி, பொக்லைன் விட்டு நம்மூர்க் கண்மாயைத் தூர் வாரிவிடலாம் என்று குழுவில் பேச்சு நடக்கிறது. எண்ணம் நல்லது. ஆனால் வேலையின் வரிசை தப்பினால் அத்தனை பணமும் வீண். ஒரு ஹெக்டேரில் ஓரடி வெட்டினால் சுமார் 3,000 கன மீட்டர் மண். நடைக்கு 3 கன மீட்டர் என்றால் ஆயிரம் டிராக்டர் நடை. அந்தப் பள்ளம் ஒருமுறை நிறைந்தால் கிடைக்கும் கூடுதல் தண்ணீர், அரை ஏக்கர் நெல்லுக்குச் சற்று மேல் காணும், அவ்வளவுதான். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்தால் அதுவும் கிடையாது.

அதனால் முதல் காசு வரத்துக்காலுக்கு. சர்வேயரை வைத்துப் புலப்படத்தோடு (நில அளவை வரைபடம்) ஒப்பிட்டு அளந்தால்தான் கால்வாய் எங்கே குறுகியிருக்கிறது, எந்தப் பாலத்தின் குழாய் கால்வாய்த் தரையைவிட மேலே பதிக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும். அடுத்தது, கண்மாய் நிறைந்ததும் உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கு. கூடுதல் தண்ணீர் பிடிக்கும் ஆசையில் கலுங்கின்மேல் மணல் மூட்டை அடுக்குவது பல ஊர்களில் உண்டு. பெருமழையில் தண்ணீர் கரைமேல் ஏறி உடைப்பெடுப்பது அதனால்தான்.

மூன்றாவது, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை. திருகு ஷட்டர் கெடுவது பெரும்பாலும் கிரீஸ் இல்லாமல்தான். துருப்பிடித்து இறுகியதும் யாராவது சம்மட்டியால் அடிப்பார்கள், கம்பி வளையும், பிறகு பலகை முழுதாக இறங்காது. புது மடை கட்டினால் அதைவிடப் பெரிய ஆபத்து, கட்டுமானமும் கரை மண்ணும் சேரும் இடம். அங்கே களிமண்ணை ஈரமாக 15 செ.மீ. அடுக்காகப் போட்டுக் கையால்தான் திமிசு போட்டு இடித்து இறுக்க வேண்டும், பொக்லைன் வாளியால் அழுத்தினால் போதாது. பிற்பாடு வெளிப்பக்கம் கசிந்தால், கசிவது தெளிந்த தண்ணீராக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள், அன்றே பார்க்க வேண்டும். கரையில் நிற்கும் சீமைக்கருவேலத்தை மேலோடு வெட்டிவிட்டால் அடிவேர் மக்கி, அந்தப் பொந்து வழியே தண்ணீர் போகும். தூரோடு தோண்டி, குழியை நிரப்பி இறுக்க வேண்டும்.

தூர் எடுப்பது கடைசி. கரை அடிவாரத்தை ஒட்டி வெட்டக் கூடாது. மடைவாய்க்குக் கீழே ஆழம் போனால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது, மாடு குடிக்கத்தான் உதவும். வண்டல் மண்ணை விவசாயிகள் அனுமதி பெற்று இலவசமாகவே எடுக்கலாம்: நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. மண் அள்ளும் செலவில் ஒரு பங்கு இப்படியே குறையும். ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பு, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எந்த வேலையும் அவர்கள் எழுத்துப்பூர்வ அனுமதி கொடுத்த பிறகே.

இனி பணம். இந்தியக் குடிமகனாக இருப்பவர், எந்த நாட்டில் வசித்தாலும், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அயல்நாட்டு நிதி ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், ஆகும். அதை எஃப்.சி.ஆர்.ஏ. (அயல்நாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள அமைப்பு, டெல்லி ஸ்டேட் வங்கியில் உள்ள தன் தனிக் கணக்கில்தான் வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றவும் முடியாது. ஆகவே பதிவுள்ள தொண்டு நிறுவனம் வாங்கி ஊர்ச் சங்கத்துக்குத் தரும் யோசனை செல்லாது. அந்த நிறுவனமே நேரடியாக வேலையைச் செய்ய வேண்டும். இரண்டு பணத்தையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் மாட்டிக்கொள்வது ஊரில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

ஊரில் ஆயக்கட்டுதாரர் சங்கம், அதாவது கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம், இல்லாமல் வேலையைத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மதுரை தானம் அறக்கட்டளையின் கண்மாய்ப் பணித் திட்டமான வயலகம் கண்மாய்தோறும் விவசாயிகள் சங்கம் அமைத்துத்தான் வேலை செய்கிறது, நாமும் அப்படியே செய்யலாம். சங்கச் சட்டப்படி பதிய 7 பேர் போதும். ஆனால் மடைக்கு ஒருவராவது, அதிலும் வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் கடைமடைக்காரர் ஒருவர் கட்டாயம், நிர்வாகத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் வராதது முதலில் அவருக்குத்தான் தெரியும். திரட்டும் பணத்தில் 5 லட்சத்தை வைப்பில் போட்டு 6 விழுக்காடு கிடைத்தால், ஆண்டுக்கு 30,000 ரூபாய். புரட்டாசிக்குள் வரத்துக்கால் வெட்ட, ஷட்டருக்கு கிரீஸ் போட, வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடும் நீர்க்கட்டி ஆளுக்குக் கூலி தர அது உதவும்.

பணம் தர விரும்புவோர் தொகையோடு எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதையும் பொருளாளருக்குத் தனிமடலில் எழுதுங்கள். பட்டியலை இரண்டாகப் பிரித்த பிறகு கணக்கு எண் அனுப்புகிறோம். அதுவரை யாரும் யாருடைய சொந்தக் கணக்குக்கும் பணம் போட வேண்டாம்.