புதுப்பிப்பு: கனடாவின் சிம்கோ ஏரிக்கு ஃப்ளாஷரே வாங்கிவிட்டேன்

பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்கப் புதிதாக இறங்குகிறேன், ஒலி அலையால் நீருக்கடியில் மீனைக் காட்டும் கருவிகளில் எதை வாங்கலாம், வண்ணக் கோடுகளாக உடனுக்குடன் காட்டும் ஃப்ளாஷரா, திரையில் படமாகக் காட்டும் எல்.சி.டி. சோனாரா என்று கேட்டிருந்தேன். வெக்ஸிலார் எஃப்.எல்-8 ஃப்ளாஷர் வாங்கிவிட்டேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தூண்டிலை ஆட்டினால் அந்த நொடியே திரையில் அதன் கோடும் ஆடுகிறது. பலவீனமான எதிரொலி பச்சை, நடுத்தரம் ஆரஞ்சு, வலுவானது சிவப்பு. பச்சைக் கோடு ஒன்று தூண்டிலை நெருங்கிச் சிவப்பாக மாறினால் மீன் துளைக்கு நேர் கீழே வந்துவிட்டது. அப்போது நெஞ்சு படபடக்கிறது!

19 டிகிரி கோணத்தில் ஒலி அலையைக் கீழே அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசர் 30 அடி ஆழத்தில் சுமார் 10 அடி அகலத்தைத்தான் பார்க்கும். ஒன்றும் தெரியாவிட்டால் அடுத்த துளைக்குப் போய்விடுங்கள். ஜி.பி.எஸ்., வரைபடமெல்லாம் தொடக்கத்தில் தேவையே இல்லை என்பது என் கருத்து.

அப்புறம் பேட்டரி. லித்தியம் எடை குறைவு. ஆனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது. வீட்டுக்குள் கொண்டுவந்து குளிர் விட்டபின் போடுங்கள்.