புதுப்பிப்பு: வீட்டை இடிக்கவில்லை

மேல்மாடியில் வெப்பம் தாங்க முடியவில்லை, பழைய வீட்டை இடித்துவிட்டுப் பசுமைக் கட்டடமாகக் கட்டலாமா என்று போன கோடையில் கேட்டிருந்தேன். என்ன ஆயிற்று என்று பலர் விசாரித்தீர்கள். இடிக்கவில்லை.

என் மனத்தை மாற்றியது சிமெண்ட்தான். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு பிரிந்து வெளியேறுகிறது. சிமெண்ட் தயாரிப்பின் உமிழ்வில் பாதிக்கு மேல் இப்படி வருவதுதான். சூளைக்கு எந்த எரிபொருளைப் போட்டாலும் இந்தப் பங்கு குறையாது. புது வீடு மின்சாரத்தை மிச்சப்படுத்தும், சரி. ஆனால் கட்டும்போதே வெளியேறிவிட்ட கார்பனை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். நன்றாக நிற்கிற சுவரை இடிக்க மனம் வரவில்லை.

அதற்குப் பதிலாக மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தோம். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் மெல்ல உள்ளே இறக்கும். படுக்கிற நேரத்தில் புழுங்கியது அதனால்தான். இப்போது இரவில் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

அப்புறம் ஒரு திருத்தம். மேற்குச் சன்னலுக்கு உள்ளே திரை போட்டால் போதும் என்று அன்று எழுதியிருந்தேன். அது தவறு. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சூடாக்கும், அந்தச் சூடு பெரும்பாலும் அறைக்குள்ளேயே தங்கிவிடும். நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். மாலை வெயில் சாய்வாக வருவதால் மேலே நீட்டிய தடுப்பு மட்டும் போதாது. செங்குத்தான மூங்கில் தட்டி வைத்த பிறகே வித்தியாசம் தெரிந்தது.

முற்றத்துச் சிமெண்ட் தரையைப் பெயர்த்து மழைநீர் இறங்க வழிசெய்வது மட்டும் பாக்கி.