ஐப்பசி அடைமழையில் நடைப்பயிற்சியை விடாமல் தொடர்வது எப்படி?

கேள்வி: செம்மண் சாலை

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஒரு காலத்தில் ரப்பர் காடாக இருந்து இன்று முழுவதும் எண்ணெய்ச் செம்பனையாகிவிட்ட தோட்டம் ஒன்றை ஒட்டியுள்ள தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருக்கிறேன். வயது 56. இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பது தெரியவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரையோடு வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் கை வீசி நடக்க வேண்டும் என்று அரசாங்க கிளினிக் டாக்டர் சொன்ன நாளிலிருந்து, வேலை விட்டு வந்ததும் மாலை ஐந்தரை மணிக்குத் தோட்டத்துச் செம்மண் சாலையில் பழைய ரப்பர்ப் புகைக்கூடம் வரை போய்த் திரும்புவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

அக்டோபர் பிறந்ததும் அந்த வழக்கம் குலைந்துவிட்டது. காலையில் வெயில் பல்லைக் காட்டுகிறது. மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுக்கிறது. நான் காலணிக் கயிற்றைக் கட்டக் குனியும் நேரம் பார்த்து இடி இடிக்கிறது. மழை விட்ட பிறகு போகலாம் என்று சென்ற வாரம் ஒரு நாள் கிளம்பி, கால்வாய் ஓரத்துப் பாசியில் வழுக்கி விழுந்ததில் முழங்கை சிராய்த்ததுடன், ஊறிப்போன காலணி மூன்று நாளாகியும் காயாமல் நாற்றமெடுத்துவிட்டது.

மான்செஸ்டரில் மேற்படிப்புப் படிக்கும் என் மகனோ, மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் நவம்பர் குளிரிலும் நான் ஓடிக்கொண்டுதானே இருக்கிறேன், உங்களுக்கு மழை ஒரு சாக்கு அம்மா என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் இருட்டோடு காலையில் எழுந்து நடப்பதா, மழை விடும்வரை காத்திருப்பதா, அல்லது டிசம்பர் வரை வீட்டுக்குள்ளேயே முடங்குவதா என்பது எனக்கு விளங்கவில்லை. இதே ஊர் மழையில் நடந்து பழகியவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: பழைய பால்வெட்டுக்காரன்

தங்கச்சி, மழையோடு மல்லுக்கு நிற்காமல் நடக்கும் நேரத்தை மாற்றுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து வடகிழக்குப் பருவக்காற்று முழுமையாக வந்து சேர்வதற்கு முந்திய இந்த இடைக்காலத்தில் காற்று பெரும்பாலும் சோர்ந்திருக்கும். காலை வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து மேலெழும் ஈரக்காற்று, நமக்குக் கிழக்கே நிற்கும் தித்திவங்சா மலைத்தொடரின் பக்கம் திரண்டு பிற்பகலில் இடியோடு கொட்டுகிறது. மேற்குக் கரைக்கு ஆண்டின் கனமழைக் காலமே இந்த அக்டோபரும் நவம்பரும்தான். ஆகவே மாலை ஐந்தரை என்பது வானம் உங்களுக்கு எதிராக ஒதுக்கி வைத்திருக்கும் நேரம்.

நான் 22 ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போய் நின்றால், வெட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று கங்காணி முதலில் வானத்தைப் பார்க்க மாட்டார். பக்கத்து மரத்தின் பட்டையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் ஓடாமல் வழிந்து வீணாகிவிடும் என்பதால் அன்று வெட்டுக் கிடையாது, நமக்குச் சம்பளமும் இல்லை. அப்படியும் இந்த மாதங்களில் விடிகாலை மழையால் வெட்டு நின்ற நாள்களைவிட, வெட்டி முடித்துப் பாலைத் தூக்கிவரும் நேரத்தில் மழையில் மாட்டிக்கொண்ட நாள்களே எனக்கு அதிகம்.

இருட்டைப் பற்றியும் ஒரு சொல். 1982ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்ததால்தான் ஆறரைக்கும் நமக்கு இருட்டாக இருக்கிறது. ஆனாலும் நவம்பர்த் தொடக்கத்தில் நம் ஊரில் ஏறக்குறைய ஏழு மணிக்கே சூரியன் எழுந்துவிடுகிறது. பிப்ரவரியில் ஏழரை நெருங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆண்டில் சீக்கிரம் விடியும் நாள்களையா வீணாக்கப் போகிறீர்கள்? இரவில் மழை பெய்திருந்தால் செம்மண் பக்கம் போகாமல் தார்ச்சாலையிலேயே நடங்கள்.

பதில் 2: தோட்டத்து டிரெஸர் (ஓய்வு)

அண்ணன் சொன்ன நேரத்தை ஒப்புக்கொள்கிறேன். முப்பது ஆண்டுகள் தோட்ட மருந்தகத்தில் கட்டுப்போட்டவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் உங்கள் முழங்கைச் சிராய்ப்பு. செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழத்துக்கு எலி வரும். அந்த எலியின் சிறுநீர் கலந்த சேறும் தேங்கிய நீரும் புண்ணிலோ கண்ணிலோ பட்டால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். காயம் ஆறும்வரை தோட்டத்துப் பாதையை விட்டுவிடுங்கள், வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஓரிரு வாரங்களில் கடுங்காய்ச்சலும், கெண்டைக்காலைத் தொட முடியாத வலியும், கண் சிவப்பும் கண்டால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காமல் கிளினிக்குக்குப் போய், சேற்றில் விழுந்ததை நீங்களாகவே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பலர் அதைச் சொல்வதில்லை, டாக்டருக்கும் கேட்கத் தோன்றாமல் போகலாம்.

அடுத்தது பாதம். இனிப்பு நீர் உள்ளவர் பலருக்குப் பாதத்தின் உணர்ச்சி மெல்லக் குறைந்துகொண்டே வருவதால், ஈரக் காலணிக்குள் ஊறிய தோல் உரிந்து கொப்புளமானதுகூடத் தெரியாமல் போகும். ஓர் அம்மாவின் கால் விரலிடுக்கில் ஏழெட்டு நாளாக ஒரு சிறு கல் அழுந்திக் கிடந்ததை நான் எடுத்திருக்கிறேன். வலித்ததா என்று கேட்டால், கல் இருப்பதே தெரியாது என்றார். எனவே இரண்டு ஜோடிக் காலணிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள், விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி எடுங்கள், இரவில் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். நனைந்த காலணிக்குள் பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணித்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் மறுநாளைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

இடியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மின்னலைப் பார்த்ததிலிருந்து நொடிக்கு ஒன்றாக எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே கால் வைக்க வேண்டாம். மரத்தடியில் மட்டும் ஒதுங்காதீர்கள்.

காலையில் வெறும் வயிற்றில் நடப்பது மாத்திரையைப் பொறுத்தது. சில மாத்திரைகள் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும் என்பதால், நேரத்தை மாற்றும் முன் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கிக் குளிர்ந்த வியர்வை பூத்தால், நடப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு உடனே வாயில் போட வேண்டும்.

பதில் 3: பீடோர்ப் பிள்ளை, இங்கிலாந்திலிருந்து

அக்கா, உங்கள் மகனின் கட்சியில் பாதிதான் நியாயம். நானும் ஒன்பது ஆண்டுகளாக இங்கே இலையுதிர் காலக் கடைசியில் ஓடுகிறேன். அக்டோபர்க் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுகிறார்கள். நவம்பர் நடுவில் மான்செஸ்டரில் காலை ஏழரைக்கு விடிந்து மாலை நான்கே காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். வேலைக்குப் போகிறவனுக்குப் பகல் வெளிச்சம் மதிய உணவு இடைவேளையில்தான் கிடைக்கும் என்பதால், பலர் சாப்பாட்டுப் பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டுப் பூங்காவைச் சுற்றி ஓடுகிறார்கள். நடைபாதையில் அழுகிக் கிடக்கும் ஈர இலை, உங்கள் கால்வாய்ப் பாசியைப் போலவே காலை வாரிவிடும்.

ஆனால் குளிர் ஒரு வகையில் ஓடுகிறவனுக்குத் துணை. கிளம்பும்போது உடல் விறைத்திருப்பதால் உடம்பைச் சூடாக்க மட்டும் கூடுதல் நேரம் வேண்டும். பத்து நிமிடம் கழிந்தால் மேல்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுகமாகிவிடும். நம் ஊரில் மழைக்குப் பிறகு வரும் குளிர்ச்சி அப்படிப்பட்டதன்று. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் துணியிலேயே தங்கிவிடுகிறது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. குளிர்ச்சியாக இருக்கிறதே என்று தண்ணீர் குடிக்காமல் வேகமாக நடந்து தலைசுற்றி உட்கார்ந்த அனுபவம், சென்ற தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது எனக்கே ஏற்பட்டது. குளிரில் நான் ஓடுவதற்கும் மழைக்காலத்தில் நீங்கள் நடப்பதற்கும் போட்டி வைத்தால், நீங்கள் செய்வதே கடினம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

பதில் 4: அஞ்சடி

மூவரும் வெளியிலேயே நிற்கிறார்கள். நம் ஊர்ப் பழைய கடைவரிசைகளின் முன்னால் கூரையோடு போகும் ஐந்தடி நடைபாதை, அதாவது நாம் அஞ்சடி என்று சொல்வது, எதற்காக இருக்கிறது? இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அங்கே பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரைக்கும் நல்லது. ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியில் நீக்கிவிட்டது; வாரத்துக்கு 150 நிமிடத்தைத் துண்டு துண்டாகவும் சேர்க்கலாம். கடைக்காரர்கள் வழியில் பரப்பி வைத்திருக்கும் சாமான்களைச் சுற்றிப் போவதுதான் தொல்லை, அதுவும் ஒருவகைப் பயிற்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

செம்மண் சாலை (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. கிளினிக்கில் கேட்டேன், என் மாத்திரைக்கு வெறும் வயிற்றில் நடப்பதால் பெரிய ஆபத்தில்லை என்றாலும் இரண்டு பிஸ்கட்டாவது தின்றுவிட்டுக் கிளம்பச் சொன்னார்கள். பத்து நாளாகக் காலை ஏழு மணிக்குத் தாமான் தார்ச்சாலையில் நடக்கிறேன். அதில் இரண்டு நாள் மட்டுமே மழை தடுத்தது, அவ்விரு நாளும் இரவில் அஞ்சடிக்குப் போனேன். கிளம்பும் முன் வாசல் மாமரத்துப் பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது. ஈரமாக இருந்தால் பழைய காலணியைப் போட்டுக்கொள்கிறேன்.

டிரெஸர் ஐயா சொன்னபடி காலணிக்குள் பத்திரிகை திணிப்பதில் மட்டும் வீட்டில் ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமை இதழைச் சுருட்டி உள்ளே தள்ளிவிட்டேன். என் கணவர் அதில் இன்னும் ராசிபலனைப் படித்திருக்கவில்லையாம்.