தங்குகடல் போகும் அப்பாவுக்கு இன்சுலின்: படகில் எப்படி வைத்துக்கொள்வது?

கரைக்காத்து:
நாகப்பட்டினம் மாவட்டம். அப்பாவுக்கு 54 வயது, விசைப்படகில் தங்குகடல் போகிறவர், போனால் கரை திரும்ப ஆறேழு நாள் ஆகும். பத்து வருடமாக மாத்திரையிலேயே ஓடிய சுகருக்குப் போன மாதம் இன்சுலின் எழுதிவிட்டார்கள். ஃப்ரிட்ஜில் வையுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். படகில் ஏது ஃப்ரிட்ஜ், வலை ஏற்றும்போது ஏது நேரம்? மனுஷன் இன்சுலினைக் கொண்டுபோய் மீனுக்குப் போட்ட ஐஸுக்குள் சொருகி வைத்திருக்கிறார். ஊசியும் போட்டுக்கொண்டுதான் இருந்தாராம், ஆனால் திரும்பி வந்து பார்த்தால் சுகர் 380. யாராவது இதைச் சமாளிக்கிறீர்களா?

வெள்ளைக்கோட்டு அக்கா:
தம்பி, அந்த ஐஸ்தான் வினை. இன்சுலின் ஒரு தடவை உறைந்தால் போச்சு, உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது, தூக்கிப் போடுங்கள். வெயிலும் ஆகாது. பிரித்த மருந்து 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பொதுவாக நாலு வாரம் தாங்கும், அதனால் குளிர்ச்சியாக இருந்தால் போதும், ஐஸ் அதைத் தொடவே கூடாது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது இதைவிட ஆபத்து. கடலில் சாப்பாட்டு நேரம் எப்படி என்பதை டாக்டரிடம் அப்பாவே போய் விவரமாகச் சொல்லட்டும், அதற்குத் தகுந்த இன்சுலினும் அளவும் மாற்றித் தர முடியும். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், ஓபியில் இருக்கிற கூட்டம் அப்படி.

வாடைக்காத்து:
நானும் தங்குகடல்தான், எனக்கும் ஊசிதான். அகலவாய் பிளாஸ்டிக் டப்பாவில் துணி சுற்றி வைத்து, அதை ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைப்பேன், இஞ்சின் பக்கம் கொண்டுபோகவே மாட்டேன். படகை ஓட்டும் ஸ்ராங்கிடமும் கூட வரும் ஆட்களிடமும் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் சுகர் இறங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே சர்க்கரைத் தண்ணீர். எங்கள் படகில் ஒரு தடவை 'சரக்கு போட்டிருக்கான்' என்று என்னை அப்படியே படுக்க வைத்துவிட்டார்கள், பிழைத்தது புண்ணியம். மயங்கிய ஆளுக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அதையும் சொல்லுங்கள். தூரக் கடலில் செல்போன் எடுக்காது, படகு வயர்லெஸ்ஸில் (விஎச்எஃப்) 16ஆம் சேனலில் கூப்பிட வேண்டும். சிக்னல் இருந்தால் 1554, கடலோரக் காவல்படை. 108 ஜெட்டி வரைக்கும்தான் வரும்.

உப்பளத்தான்:
மருந்து மட்டும் பிரச்சினை இல்லை. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் திட்டத்தில் வருகிற அக்கா காலையில் பிரஷர் பார்க்க வரும்போது வீட்டில் இருப்பது பெண்களும் பெரியவர்களும்தான். கடலுக்குப் போகிறவனுக்குச் சுகர் இருப்பது காலில் புண் வந்த பிறகுதான் தெரிகிறது. ஒரத்தூரில் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது, நம் ஆட்கள் அங்கே போவது எல்லாம் முற்றிய பிறகு. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் எழுதிக் கொடுத்துக் கேட்டதில், போன மீன்பிடித் தடைக்காலத்தில் சாயங்கால நேரம் ஏலக்கூடத்திலேயே முகாம் போட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகெல்லாம் கரையில்தானே கிடக்கிறது? மூன்று மாத சராசரி சுகர், கண், பாதம் எல்லாம் அப்போதே பார்த்துவிடலாம்.

வாடைக்காத்து:
விசைப்படகுக்குச் சரி. நாட்டுப்படகுக்காரனுக்கு ஏது தடைக்காலம்? அவனுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

கரைக்காத்து:
அக்கா, அண்ணே, நன்றி. பழைய மருந்தைத் தூக்கிப் போட்டாச்சு. திங்கட்கிழமை அப்பாவையே கூட்டிக்கொண்டு போகிறேன், அடுத்த நடை தள்ளிப்போகும் என்று இப்போதே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.